மிளகாய்ச் சாறு பட்ட அரிவாள்

1972 மாசி, செவ்வாய்.

இந்தக் கொல்லைத் தகராறு வெட்டில்தான் முடியும் என்று பொங்கலன்றே சொன்னேன். தென்னேரியில் மச்சான் முருகேசனின் மிளகாய்க் கொல்லை முழுதும் இலை திட்டுத் திட்டாய் வெளுக்கும் தேமல் நோய். பக்கத்துக் கொல்லை ஏகாம்பரம் விஷம் தெளித்தான் என்று முருகேசன், செடி அறுத்த அரிவாளோடே போய் அவன் தோளில் வெட்டிவிட்டான். ரத்தம் நாலு படி இருக்கும். அடுத்து கழுத்துக்கு ஓங்கினான்.

தறிக்காரன் நான் விடுவேனா? பின்னாலேயே ஓடிப்போய்க் கத்தினேன்.

"நிறுத்து மச்சான்! விஷம் இல்லபா, வைரஸ். அதுக்குச் சொந்தத் தறி கெடையாது. ஆர்.என்.ஏ.ன்னு ஒத்த இழையோட செடிக்குள்ள பூந்து, செடியோட தறியிலயே தனக்குன்னு நெய்ய ஒரு ஆளை உண்டாக்கிக்கும். அந்த ஆளு தலைகீழா ஒரு நகல் எடுத்து, அதைப் பாத்து ஆயிரம் அசல் இழையை நெய்துக்கினே இருப்பான். அந்தச் சாறு உன் அரிவாள்ல இருக்குது. ரத்தத்துல பட்டா வெட்டினவனுக்கும் ஏறும்!"

அரிவாள் கீழே விழுந்தது. ஏகாம்பரம் ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டான்.

முருகேசன் என் கிணற்றடியில் செங்கல்லால் கையைத் தேய்க்கிறான். தோல் உரிந்துவிட்டது. "ஏறிடுச்சா பாருபா" என்று அழுகிறான்.

இழை, தறி எல்லாம் வேளாண்மை அதிகாரி சொன்னதுதான். மனுஷனுக்கு ஏறும் என்பது மட்டும் என் கைச்சரக்கு. விடிந்ததும், அவன் கோபம் ஆறியபின் சொல்லிவிடுகிறேன். இன்றிரவு அரிவாள் என் கட்டிலுக்கடியில் இருக்கட்டும்.