கட்டாமல் போன ஓர் இழை

இராஜபாளையம், ஐப்பசி 18, செவ்வாய்

காலையில் கார்பன் இழைத் தறியைத் துடைக்கும்போதுதான் இழை சுற்றிய அந்தப் பாபினைப் பார்த்தேன். மற்றவை பாதி தீர்ந்திருக்க, அது மட்டும் நிறைந்து இருந்தது. அடுக்குகளை மேலிருந்து கீழாகக் கோத்துக் கட்டும் இழைகளில் ஒன்று அது. நேற்று எப்போதோ அறுந்திருக்கிறது. தறி நிற்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. நெய்த துண்டு நேற்றே பெங்களூருக்குப் போய்விட்டது. அங்கே பிசின் ஊற்றி இறுக்கினால் அது பயிற்சி விமானத்தின் விசிறி இறகு ஆகும்.

சூப்பர்வைசரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ஏட்டி, பிசின் ஊத்திக் காஞ்ச பொறவு எவனுக்குத் தெரியும்? வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

"அண்ணாச்சி, அதுல ஆளுக ஏறுவாகல்ல?"

அவர் அடுத்த தறிப் பக்கம் போய்விட்டார்.

சாப்பாட்டு நேரத்தில், அனுப்பிய பெட்டியின் லேபிள் நகலில் இருந்த பெங்களூர் எண்ணுக்கு சைக்கிள் ஸ்டாண்டில் நின்று போன் செய்தேன். எடுத்த இன்ஜினியர் அம்மா தமிழ்தான். விஷயத்தைச் சொன்னதும் யாரையோ பார்த்து, "பிசின் ஊத்தாதீங்க, நிறுத்துங்க!" என்று கத்தினார். பிறகு என் பெயரைக் கேட்டார்.

"பேரு வேண்டாமே மேடம்."

"யாரு சொன்னதுன்னு எழுதாம அதை ஒதுக்க முடியாதும்மா."

போனை வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வாய் சொல்லிவிட்டது: "செல்வி. தறி ஆபரேட்டர்."

நாளை காலை, துண்டை ஒதுக்கிய கடிதம் என் பெயரோடு மெயிலில் சூப்பர்வைசர் மேசைக்கு வந்துவிடும். ஆறு மணி ஷிஃப்ட்டுக்குப் போகத்தான் போகிறேன். சீருடையை மடித்து வைத்திருக்கிறேன்.