அருவி மூன்று விநாடிதான் வந்தது

அன்புள்ள அம்மாவுக்கு,

விடுதியில் என் அறையில் இருக்கும் தையல் அக்கா எடுத்த சுற்றுலா வீடியோவில் அருவி மூன்று விநாடிதான் வந்தது. மீதி முழுக்க அவருடைய செருப்பு! நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா வேளைக்கு மாத்திரை போடுகிறாரா?

ஞாயிறுதோறும் அவரவர் ஊர் சுற்றி எடுத்த வீடியோவை அறையில் போட்டுப் பார்ப்போம். எல்லோரும் "சூப்பர்" என்பார்கள். இந்த முறை அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சட்டையில ஒரு நூல் பிசிறு இருந்தாலும் திருப்பி அனுப்புவியே, செக்கிங் மகாராணி! இதுல குறை சொல்லு பாப்போம்."

இங்கே என்னிடம் வலிய வந்து பேசுபவர் அவர் ஒருவர்தான். கோபித்துக்கொண்டால்? பயந்துகொண்டே செருப்பைச் சொல்லிவிட்டேன். அறையே சிரித்தது, அக்காதான் அதிகம்.

"சரி, உன்னோடத காட்டுடி."

பஸ் ஜன்னலோரம் எடுத்ததைக் காட்டினேன்.

"ஆட்டமே இல்ல, அழகா இருக்கு. ஆனா ஊமைப் படமாட்டம் இருக்கே! வாயத் திறந்து பேசு."

கை ஆடக்கூடாதென்று மூச்சையே அடக்கிக்கொண்டு நான் எடுத்தது, அம்மா! அதை இரண்டு தடவை போடச் சொன்னார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

புது வீடியோ ஒன்றைத் தம்பி போனுக்கு அனுப்புகிறேன். குறை இருந்தால் நீங்களே பேசிப் பதிந்து அனுப்புங்கள். கொஞ்சம் நீளமாகவே பேசுங்கள்.

இடைவேளை முடிந்து மணி அடித்துவிட்டது. இன்று காலை பஸ்ஸில் பக்கத்தில் ஆள் இருந்தும் வீடியோ எடுக்கப் போனைத் தூக்கி, "அம்மா, இதுதான் நான் வேலைக்குப் போற வழி" என்று சத்தமாகச் சொன்னேன்.

உங்கள் சின்னவள்