யானை முதுகில் போன நைனா

இன்று மதியம் களி கிண்டி இறக்கியபோது ஆவியோடு கேழ்வரகு வாசனை முகத்தில் அடித்தது. என்னையும் அறியாமல் அதைச் சுண்டைக்காய் அளவுக்குக் கிள்ளி, தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டேன், மாமா. நீ நம் பாப்பாவுக்கு வைப்பாயே, அதுபோல. நரிக்கு ஒன்று, மயிலுக்கு ஒன்று, கடைசி உருண்டை யானைக்கு. ஒவ்வொன்றுக்கும் கதை சொன்னால்தான் மகாராணி வாயைத் திறப்பாள். இன்று எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து தின்றுவிட்டுக் கை கழுவப் போனாள்.

உன் கதையில் நரி திருடும், குரங்கு பொய் சொல்லும்; யானை மட்டும் தப்பே செய்யாது. எல்லையோரத்து நம் சாந்திபுரத்தைச் சுற்றி எத்தனை பேர் தோட்டம் அதன் காலில் போயிருக்கிறது! நம் தக்காளியையே இரண்டு தடவை துவைத்துப்போட்டது. அப்போதும் நீ அவளிடம், "அது கெட்டது இல்ல கண்ணு. காட்டுல துன்ன ஒண்ணும் இல்ல, பசிக்கு வந்துக்கினு போவுது" என்பாய். "மிதிச்சிட்டுப் போறதுக்கு நீ ஒரு வக்கீலா!" என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே கத்துவேன். நீ சிரிப்பாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உன்மேல் எரிச்சல்தான் வருகிறது.

அன்று விடியற்காலை மறுபடி யானை வந்த சத்தம் கேட்டுத் தகரத்தை எடுத்தாய். "போவாத மாமா, தக்காளி போனா போவட்டும்" என்றேன். "சத்தம் போட்டா அதுபாட்டுக்குப் போயிடும்டி" என்றாய். அது போகவில்லை, திரும்பிவிட்டது. உன்னைத் துணியில் சுற்றித்தான் தூக்கிவந்தார்கள். முகத்தைக்கூட எனக்குக் காட்டவில்லை.

பாப்பாவுக்கு அப்போது நாலு வயது. அப்பனைக் காணோமென்று, "நைனா எங்க?" என்றாள். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "யானை முதுகுல ஏத்திக்கினு காட்டுக்குப் போயிருக்குது கண்ணு. வந்துடுவாரு."

சொன்னதுதான் தாமதம், கை தட்டிச் சிரித்தாள். வீட்டில் அன்று அழாத ஒரே ஆள் அவள்தான். நான் செய்தது தப்புதான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபிறகு எந்த வாயால் மாற்றிச் சொல்வது? ஒரு வருஷம் வாசலில் நின்று காட்டுப் பக்கம் பார்த்தாள். கேட்டவர்களிடமெல்லாம் பெருமை வேறு.

போன வாரம் தெலுங்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் முதுகுப் பையைக்கூடக் கழற்றவில்லை. கூடப் படிக்கிற பெண் தெலுங்கில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

"எம்மா, நைனாவ யானை மிதிச்சி சாவடிச்சிடுச்சாமே? நெஜமா?"

இனி என்ன மறைக்க? "ஆமா கண்ணு" என்றேன். அழுவாள் என்று கையை நீட்டினேன். பாவி மகள் அழவில்லை.

"அப்ப நீ சொன்னது பொய்யா?"

"ஆமா."

பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "யானை கெட்டது இல்லன்னு நைனா சொன்னாரே, அதுவும் பொய்தானா?"

பொய் இல்லை என்று சொல்ல வேண்டுமானால், உன்னைக் கொன்ற யானையை நல்லது என்று என் வாயால் சொல்ல வேண்டும். பொய்தான் என்றால், அவளுக்கு நீ மிச்சம் வைத்துப்போன கதைகளும் இல்லாமல் போகும். இரண்டும் எனக்கு வரவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள்.

அந்தக் கேள்வியைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன், மாமா. அவள் அதை மறுபடி கேட்கவில்லை. இனி என்னிடம் எதையும் கேட்க மாட்டாள்.