முப்பதடிக் குழி

தம்பி,

உன் வீட்டுப் பீரோவை ஒழித்தபோது உன் தகர டப்பா கிடைத்தது. மூடியைத் திறந்ததும் பீடி வாசம். உள்ளே இருபது முகப் பகடை, கட்டம் போட்ட தாளில் நீ வரைந்த பாதாள அரண்மனை, அதற்கடியில் நான்காக மடித்த என் தாள். 'மருதாயி. விளக்கு, கோல், உப்பு.' அடியில் பென்சிலில் உன் கையெழுத்து: 'குழிக்குள்.' அவ்வளவுதான். கயிறு இல்லை. பார்த்ததும் உன்மேல் இருந்த கோபம் அப்படியே திரும்பி வந்தது.

குமுளியில் நீ ஜீப் ஓட்டியபோது ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஆட்டம். பலகை கிடையாது. நீ இடத்தைச் சொல்வாய். நானும் உன் வீட்டுக்காரியும் அங்கே நிற்கும் ஆட்களாக மாறி, என்ன செய்கிறோம் என்று சொல்வோம். நடக்குமா என்று சந்தேகம் வந்தால் பகடை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில்தான் மீனாட்சிபுரத்தைத் தாண்டிப் போனேன்.

இரக்கமே இல்லாத ஆட்டம் உன்னுடையது. என் முதல் ஆள் சிலந்தி கடித்துச் செத்தாள். அழுது முடிப்பதற்குள் புதுத் தாளை நீட்டினாய். "வாயில வந்தாச்சுன்னா நடந்தாச்சுங்கக்கா." அதுதான் உன் ஒரே சட்டம்.

அந்தத் தாளில் நான் எழுதிய புது ஆள்தான் மருதாயி. அன்று அவள் ஒரு குழியின் விளிம்பில் நின்றிருந்தாள். மணி மூன்றரை, கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்ற வேண்டும். எழுந்து, "சரி, நான் எறங்கறேன்" என்றேன். இந்தப் பக்கம் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கும் அப்படித்தான் சொல்வோம். மலையாளத்திலிருந்து ஒட்டிக்கொண்ட பேச்சு. நீயும் தினம் சொல்வதுதான்.

"எறங்கீட்டீங்க. முப்பதடி. கயிறு வெச்சிருக்கீங்களா?"

"டேய், நான் எருமைகிட்டப் போறேன்டா!"

"குழிக்குள்ள எருமை இல்லீங்களே."

உன் வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கயிறு அவளுடைய ஆளிடம் இருந்தது. "கேட்டாப் போடறேனுங்க அண்ணி" என்றாள். நான் கேட்கவில்லை. பேச்சைத் திரித்துக் குழியில் தள்ளிவிட்டு, கயிற்றுக்கு நான் கெஞ்ச வேண்டுமா? இரண்டு வருஷம் உன் வீட்டுப் படி ஏறவில்லை. நீயும் கயிற்றைப் போடவில்லை.

பிறகு உனக்கு நெஞ்சுவலி. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கார் ஏறும் முன் என் வாசலுக்கு வந்து நின்றாய். "அக்கா, நான் எறங்கறேனுங்க." 'போயிட்டு வர்றேன்னு சொல்லுடா' என்று நாக்கு நுனிவரை வந்தது. வீம்பு. தலையை மட்டும் ஆட்டினேன். நீ வரவில்லை.

இப்போது பேத்தியும் இந்த மாதிரி ஆட்டம் ஆடுகிறாள். அவளுடையது புதுசு. ஆளுக்கு எட்டுப் பக்கம். எதற்குப் பயம், யார்மேல் பாசம் என்றெல்லாம் எழுதக் கட்டங்கள். ஓர் ஆளைச் சாகடிக்கும் முன், ஆடுகிறவரிடம் சம்மதம் கேட்கிறார்கள். பகடை தோற்றாலும் கதை நிற்காதாம்; எதையாவது இழந்துவிட்டு மேலே போகலாமாம். இதெல்லாம் ஓர் ஆட்டமா என்று உன் பக்கம்தான் பேசினேன், தெரிந்துகொள்.

அவள் என் தாளைப் பார்த்தாள். கதை முழுக்கக் கேட்டாள்.

"அம்மிச்சி, எறங்கறேன்னு எதை நெனச்சுச் சொன்னீங்க?"

"பால் கறக்கத்தான்."

"அப்ப நீங்க குழியில விழவே இல்லீங்க!" 'குழிக்குள்' என்று நீ எழுதியதை அழிக்க ரப்பரை எடுத்தாள்.

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. அன்றே நீ கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். வாசலில் நீ நின்றபோது நானும் உன்னிடம் கேட்டிருக்கலாம்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அழிக்காத, கண்ணு."

"ஏனுங்க? அங்கயே கெடக்கப் போறீங்களா?"

என் சொல்லுக்குப் பொருள் கேட்க அவள் இருக்கிறாள். உன் சொல்லுக்கு நான் யாரைக் கேட்பது? உன் சட்டப்படி நீயும் இறங்கிவிட்டாய். மருதாயி மேலே வந்துவிட்டால் கீழே உனக்கு யார் இருக்கிறார்கள்?

தாள் என் சுருக்குப் பையில்தான் இருக்கிறது. விளக்கு, கோல், உப்பு. மருதாயி இருக்கும் இடத்துக்கு வந்து சேர். எதை நினைத்துச் சொன்னாய் என்று கேட்க வேண்டும். அதுவரை நான் கயிறு கேட்பதாக இல்லை.