அம்மாவுக்கு ஸ்பீக்கர் வாங்கப் போன கதை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். மாப்பிள்ளை போன வாரம் எங்கள் பார்சல் ஆபீஸுக்கே போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். குழந்தை தங்கவில்லை என்று அவர் சொன்னதும், சரிங்க மாப்பிள்ளை, சரிங்க மாப்பிள்ளை என்று சரக்கு அனுப்ப வந்தவரிடம் பேசுகிற மாதிரியே சொல்லிக்கொண்டிருந்தேன். போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது, தராசுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நீ இப்போது எங்கள் போனை எடுப்பதில்லை, எடுத்தாலும் அம்மா பேச்சு வந்தால் பாதியில் வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன். கோபம் இருந்தாலும் கடைசி வரை படித்துவிடு.

மாப்பிள்ளை இன்னொன்றும் சொன்னார், அதைச் சொல்ல அவர் ரொம்பத் தயங்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் நீ அம்மாவைக் கம்ப்யூட்டரில் கூப்பிட்டிருக்கிறாய், அழுது வீங்கிய முகத்தை அவள் பார்க்க வேண்டாம் என்று படத்தை அணைத்துவிட்டு, நடந்ததைச் சொல்லியிருக்கிறாய். அதற்கு அவள் சிரித்துக்கொண்டே நல்லதும்மா, நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பாத்துக்கோ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம். பெற்றவள் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் மனசு விட்டுப்போகாது, உன் இடத்தில் நான் இருந்தாலும் பேசமாட்டேன். அன்றைக்கு நான் வேலைக்குப் போயிருந்தேன். சாயங்காலம் வந்து பாப்பா பேசினாளா என்று கேட்டதற்கு, பேசினாள், நன்றாக இருக்கிறாள், இந்தக் கம்ப்யூட்டரில்தான் சத்தம் சரியில்லை, ஒரு நல்ல ஸ்பீக்கர் வாங்கிப் போடுங்கள் என்றாள். மாப்பிள்ளை சொன்னதைக் கேட்டதும் அந்தப் பேச்சைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கோளாறு பெட்டியில்தான், அவள் காதில் எதுவும் சரியாக விழவில்லை, நல்ல ஸ்பீக்கராக வாங்கி வைத்து உன்னை மறுபடி பேசச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவளிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. தாயும் மகளும் பேசவேண்டியதில் நான் எதற்கு நடுவில் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன், உண்மையில் அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நம் கை நிலைமை உனக்குத் தெரியும், கூரையைச் சரி பண்ணியதில் இருந்ததெல்லாம் போய்விட்டது. ஆகவே கையைக் கடிக்காத விலையில் நல்லதாக வேண்டும், அப்படி ஒன்று உலகத்தில் உண்டா என்று தேடித்தான் கடை கடையாக ஏறி இறங்கினேன். எங்கள் ஆபீஸ் பக்கத்துத் தெருவில் ஒரு கடைக்காரர் இருக்கிறார், யார் போனாலும் காது கிழிய ஒரு பாட்டைப் போட்டுக் காட்டுவார், அவருக்கு நான் டமாரம் என்று பெயர் வைத்திருக்கிறேன். மேஜைக்கு அடியில் வைக்கிற பெரிய பெட்டியும் கலர் கலராக மின்னுகிற விளக்கும் உள்ள ஒன்றைத்தான் முதலில் என் தலையில் கட்டப் பார்த்தார். விளக்கு பேசுமா என்று கேட்டேன், முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. அட்டைப் பெட்டியில் எத்தனையோ வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, பெட்டி மேல் எழுதியிருப்பதை நம்புகிறவனாக இருந்தால் பார்சல் ஆபீஸில் என்னை என்றைக்கோ துரத்தியிருப்பார்கள். நான் ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்த்தேன், ஒரே அளவில் இருப்பதில் கனமானதைத் தனியே எடுத்து வைத்தேன், உள்ளே நல்ல காந்தமும் பலகையும் இருந்தால்தானே கனக்கும். பிறகு பாட்டை நிறுத்திவிட்டு யாராவது செய்தி வாசிக்கிறதைப் போடுங்கள் என்றேன், அதுவும் மெதுவாக வைத்து. எங்களுக்கு வேண்டியது ஒரு பெண் பிள்ளை பேசுகிற பேச்சு, அந்தப் பெரிய பெட்டி போடுகிற திம் திம்மில் பேச்சு முழுகிப்போகிறது. கம்ப்யூட்டரிலேயே சொருகிக்கொள்கிற மாதிரி இருந்தால் இன்னொரு பிளக்கும் தேவையில்லை, நம் மேஜைக்கருகில் இருப்பதே ஒன்றுதான். சத்தத்தைக் கூட்டுகிற திருகு முன்பக்கம் இருக்கவேண்டும், அம்மா பின்னால் கையை விட்டுத் துழாவக்கூடாது. ஒரு பழைய ஜோடி சல்லிசாகக் கிடைத்தது, திருகைத் தொட்டால் கரகரவென்றது, வேண்டாம் என்று வந்துவிட்டேன். நீயும் எப்போதாவது வாங்கினால் இப்படியே பார்த்து வாங்கு, விளக்குக்கு மயங்காதே.

கடைசியில் டமாரத்திடமே இரண்டு மூன்று ஜோடிகளை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, கேட்கப்போகிறவள் அவள், அவளே பொறுக்கட்டும் என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நீங்கள் புது வீட்டுக்குப் போன அன்று நீ என் போனுக்குக் குரலில் ஒரு தகவல் அனுப்பினாயே, அம்மா, அம்மா, இங்க வந்து பாரேன் என்று கூப்பிட்டுவிட்டு அடுப்படிக் குழாயைப் பற்றிப் பேசுவாயே, அதைப் போடச் சொன்னேன். அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீபோர்டு வைத்திருந்த அலமாரிக்கு முன்னால் நின்றிருந்தாள். முதல் ஜோடியில் போட்டார், அவள் அசையவில்லை. அடுத்ததில் போட்டார், நான் சத்தத்தைக் கூட்டச் சொன்னேன், இன்னும் கூட்டச் சொன்னேன். கடை முழுக்க நீ அம்மா அம்மா என்று கூப்பிடுகிறாய். வாசலில் நின்ற ஒரு அம்மாள்கூட யார் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். உன் அம்மா மட்டும் ஒரு கீபோர்டின் மேலிருந்த தூசியை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். போய்த் தோளைத் தொட்டேன், திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, எல்லாமே நன்றாகத்தான் கேட்கிறது, விலை கம்மியானதையே எடுங்கள் என்றாள்.

கடைக்கு வெளியே பஸ் நிற்கிற இடத்தில் உட்காரவைத்துக் கேட்டேன், முதலில் கோபப்பட்டாள், பிறகு ஒப்புக்கொண்டாள். நூல் மில்லில் அந்த இரைச்சலில் எத்தனை வருஷம் நின்றாள் என்று உனக்கே தெரியும். அங்கே வாயைத் திறந்து கத்தினாலும் பக்கத்தில் நிற்கிறவளுக்குக் கேட்காது, எல்லாப் பெண்களும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள், சூப்பர்வைசரை அவர் எதிரிலேயே கிழி கிழியென்று கிழிப்பார்கள், அந்த மனுஷன் ஒன்றும் தெரியாமல் போய்வருவார். உதட்டைப் பார்த்தே பழகிவிட்டதால், அந்த இரைச்சலில் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போனது அவளுக்கே தெரியவில்லையாம், தெரிந்தபோது நமக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டாள். குளிக்கும்போது துண்டு கேட்டுக் கத்துவேன், பதிலே வராது, என்ன திமிர் பார் என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். எதுவாக இருந்தாலும் நேரில் வந்து சொல்லுங்கள் என்பாள், அதிகாரம் பண்ணுகிறாள் என்று நினைத்தேன். உன்னையும் எப்போதும் முகத்தைக் கிட்டக் கொண்டுவா, வெளிச்சத்தில் உட்கார் என்று படுத்துவாளே, மகள் மேல் அவ்வளவு ஆசை என்று நான் கேலி பண்ணியிருக்கிறேன். இத்தனை வருஷம் கூடவே இருந்த எனக்குத் தெரியவில்லை, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு நீ படம் இல்லாமல் பேசியது ஒரு வார்த்தைகூட அவளுக்குப் புரியவில்லை. அதற்கு முந்தின தடவை குழந்தை உண்டான சேதியைச் சொன்னாய் அல்லவா, இப்போதும் அதைப் பற்றித்தான் ஏதோ சந்தோஷமாகச் சொல்கிறாய், சிரித்து வைத்தால் தப்பாகாது என்று நினைத்திருக்கிறாள்.

அதன் பிறகு மறைக்க என்ன இருக்கிறது, சொல்லிவிட்டேன். அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க, மெதுவா சொல்லுங்க" என்றாள். பாப்பா, அந்த வார்த்தையை இரண்டாம் தடவை சொல்ல எனக்கு உயிர் போய்விட்டது. சொன்னேன். பஸ் வந்து நின்று போயிற்று, அவள் எழுந்திருக்கவில்லை. பிறகு, "நான் சிரிச்சேனா?" என்று கேட்டாள். ஏன் இத்தனை நாளாகச் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவள் சொன்னதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிரசவத்துக்கு அவள்தான் வரவேண்டும், குழந்தையை அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நீ அவளிடம் சொல்லியிருந்தாய். "அழுதா காதுல விழாதவகிட்ட யாருங்க பிள்ளையக் குடுப்பாங்க? தொட்டில்ல கைய வெச்சுக்கிட்டே படுத்துக்கலாம்னு இருந்தேன்" என்றாள்.

ஸ்பீக்கர் வேண்டாம் என்றுதான் நான் கிளம்பினேன், அவள் விடாமல் மறுபடி கடைக்கே கூட்டிக்கொண்டு போனாள். நீங்களாவது அவள் குரலை நன்றாகக் கேளுங்கள் என்று சொல்லி அந்தக் கனமான ஜோடியை அவளே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். மேஜைமேல் வைத்தாயிற்று, நன்றாக இருக்கிறது. காது டாக்டரிடம் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள், காதில் வைக்கிற மிஷின் என்ன விலை ஆகும் என்று தெரியவில்லை, நீ அதற்காகப் பணம் எதுவும் அனுப்பாதே, நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வேலைக்குப் போக அவசரப்படாதே, கனமான எதையும் தூக்காதே, தண்ணீர் நிறையக் குடி. மாப்பிள்ளையையும் பார்த்துக்கொள், அவர் உனக்காகத் தைரியமாகப் பேசுகிறாரே தவிர போனில் அவர் குரல் உடைந்ததை நான் கேட்டேன், அவருக்கும் அது பிள்ளைதானே. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தனியாக அழ விடாதீர்கள். கடவுள் உங்களுக்கு ஒரு குறையும் வைக்காமல் நல்லபடியாகக் காப்பாற்றட்டும்.

அம்மா சாயங்காலம் ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறாள், மணி அடித்தால் அவளுக்குக் கேட்காது என்று அதன் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மறக்காமல் கூப்பிடு, படத்தோடு கூப்பிடு, முகம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. இப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறாள், அவள் சொன்னதை ஒரு எழுத்துகூட மாற்றாமல் எழுதச் சொல்கிறாள்: "அன்னைக்குச் சொன்னத அம்மாகிட்ட இன்னொரு தடவை சொல்லும்மா."

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா