பதினாலாம் நம்பர் ரூமில் ஒரு ரயில்

தாயில்பட்டி,
ஆவணி மாசம், புதன்கிழமை, காலை எட்டே கால்.

அன்புள்ள சாபிர் அண்ணனுக்கு, தங்கச்சி அருணாதேவி எழுதிக்கிறது.

குவைத்துல நீங்களும் நசிமா மதினியும் பிள்ளைகளும் சுகமா இருக்கணும். இங்க நாங்க சுகம். இந்த நிமிசம் வரைக்கும் சுகம்தான். மத்தியானம் என்ன எழுதுவேன்னு தெரியாது. அதனால இந்தக் கடுதாசியை இப்ப முடிக்கப்போறதில்லை. உங்க சிநேகிதர், அதான் எங்க வீட்டுக்காரவுக, வெடிக் கம்பெனியில இருந்து திரும்பி வர்ற வரைக்கும் எழுதிக்கிட்டே இருக்கப்போறேன். சும்மா உக்கார முடியலை.

ஏன் போன் பண்ணலைன்னு கேப்பீக. போன்ல பேசினா நீங்க சிரிச்சு மழுப்பிருவீக. போன்ல எழுதி அனுப்பினா அது அதுலயே கிடக்கும். ஏதாவது ஒண்ணு ஆகிப்போச்சுன்னா போலீசு மொதல்ல போனைத்தான் எடுத்துப் பாப்பாக. உங்க தம்பி மகன் நிஜாம் வெள்ளிக்கிழமை ப்ளைட் ஏறுதாம்ல, அவன்கிட்ட சாத்தூர் சேவு பாக்கெட்டோட சேத்து இதைக் குடுத்துவிடுறேன். படிச்சதும் கிழிச்சிருங்க.

உங்க ரெண்டு பேரோட ரயில் கிறுக்கு எனக்குப் புதுசில்லை. கல்யாணமாகி வந்த வருசமே அலமாரியில நீங்க செஞ்சு அனுப்பின ரெண்டு பொம்மை ரயில் பெட்டி நின்னுச்சு. இப்ப பதினொண்ணு. ஸ்லீப்பர், ஏசி, ஜெனரல், கார்டு பெட்டின்னு ஒண்ணேகால் சாண் நீளத்துல வரிசையா நிக்குது. வெறும் பெட்டியா இருந்தா நான் ஏன் பேசப்போறேன்? ஒவ்வொண்ணுக்குள்ளயும் நீங்க பேட்டரி போட்டுச் சத்தத்தை வச்சுல்ல அனுப்பினீக. கையில எடுத்து லேசா ஆட்டினாப் போதும், முழிச்சுக்கிட்டு தடக் தடக்னு ஓட ஆரம்பிச்சிருது. ஒண்ணுல கைப்பிள்ளை அழுவுது. ஒண்ணுல விருதுநகர் ஸ்டேசன் மணி அடிக்குது. லீவுல வந்தப்ப நீங்களே பிளாட்பாரத்துல உக்காந்து பதிஞ்ச சத்தமாம், இவுக பெருமையாச் சொல்வாக. பகல் பூராவும் நாப்பது பேரைக் கத்திக் கத்தி வேலை வாங்குற போர்மேன், சாயங்காலமானா ஒரு பெட்டியைக் காதுகிட்ட வச்சுக் கண்ணை மூடிக்கிருவாக. குடி கிடையாது, சீட்டு கிடையாது. அந்த ஒரு அரைமணி நேரம்தான்.

தப்பு என் பேர்லயும் இருக்கு. அதை மொதல்ல சொல்லிருறேன். பங்குனியில தருண்குமாருக்குப் பத்தாங்கிளாஸ் பரீட்சை. பிள்ளை கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கான், இவுக சமையல் நடக்குற பெட்டியை எடுத்து வச்சுக்கிட்டு இருக்காக, அது வடை வடைன்னு கத்துது. நாலு தடவை சொல்லிப் பாத்தேன். அஞ்சாவது தடவை பிடுங்கிச் சுவத்துல எறிஞ்சுட்டேன். இனிமே ஒரு பெட்டி இந்த வாசப்படி ஏறுச்சுன்னா நான் இறங்கிருவேன்னு சொன்னேன். இவுக தரையில மண்டி போட்டு ஒவ்வொரு சக்கரமாப் பொறுக்கினாக. அன்னைக்கோட அந்த ஆசை விட்டுப்போச்சுன்னு நானும் நெனைச்சுக்கிட்டேன்.

எங்க விட்டுச்சு? சித்திரையில மூணு பெட்டி அனுப்பியிருக்கீகளே அண்ணே! எனக்குத் தெரியாதுன்னா நெனைச்சீக? தெரியாமத்தான் இருந்துச்சு, போன ஞாயித்துக்கிழமை வரைக்கும்.

ஞாயித்துக்கிழமை எதுத்த வீட்டு வெள்ளைத்தாய் வந்தா. இவுக கம்பெனியிலதான் வெடிச்சரம் பின்னுறா. பதினாலாம் நம்பர் ரூம்ல பேய் இருக்காம், ரயில் ஓட்டுதாம். ரெண்டு தடவை கேட்டுச்சாம். மொதத் தடவை ரயில் போற சத்தம். ரெண்டாவது தடவை கைப்பிள்ளை அழுகுற சத்தமாம், அப்புறம் ஒருத்தன் காப்பி காப்பின்னானாம். தாயில்பட்டிக்கு ஏதுக்கா தண்டவாளம்னு என்னையவே கேக்கா. பொம்பளைகள்லாம் சேந்து வெள்ளிக்கிழமை கேட்டுல தேங்கா உடைக்கணும்னு பேசிக்கிட்டாகளாம். எந்தப் பேய் காப்பி விக்கும்னு எனக்குத் தெரியாதா?

அன்னைக்கு ராத்திரி சோத்துல கை வச்சவுகளை எந்திரிக்க விடாமக் கேட்டேன். மொதல்ல இல்லைன்னாக. அப்புறம் தட்டைப் பாத்துக்கிட்டே சொன்னாக. வீட்டுக்குக் கொண்டாந்தா நான் உடைச்சுருவேன்னு பயந்துக்கிட்டு, சித்திரைப் பொங்கலுக்குக் கம்பெனி அடைச்சிருந்தப்ப மூணையும் அங்கன கொண்டு போயி வச்சிருக்காக. பதினாலாம் நம்பர் அப்பப் பேப்பர்க் குழாய் வைக்கிற ரூமு. மருந்து வாடையே கிடையாது. பரண்ல ஒரு அட்டைப்பெட்டிக்குள்ள வச்சு, மத்தியானச் சோத்து நேரத்துல போயி ஒரு தடவை கேட்டுட்டு வருவாகளாம். ஒரு மாசம் இப்படி ஓடியிருக்கு. காரியாபட்டியில என் சித்தி மக கல்யாணத்துக்கு மூணு நாள் போனோம்ல, திரும்பிப் போயிப் பாத்தா, சீசன் ஆர்டர் இடம் பத்தாம மேனேஜர் அந்த ரூம்ல வெடியை அடுக்கிட்டாரு. தரையில இருந்து கூரை வரைக்கும் வெடி அடைச்ச பார்சல் கேஸு. அந்தக் கேஸுகளுக்குப் பின்னால, பரண்ல, பேட்டரியோட மூணு ரயில் பெட்டி.

அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு ஏச்சோட போயிருக்கும். ராத்திரி நேரம் பாத்து எடுத்துருவோம்னு இருந்துட்டாக. அதுக்குள்ள கேட்டுல புதுச் சட்டம் வந்துருச்சு. போர்மேனா இருந்தாலும் போகும்போதும் வரும்போதும் பை, மடி, தூக்குச்சட்டி எல்லாம் சோதனை. மடியில கனம் இருந்தா வழியில பயம்னு சும்மாவா சொன்னாக. உள்ள விட்டு வைக்கவும் பயம், வெளிய எடுக்கவும் பயம். மூணு மாசமா மனுசன் சரியாச் சாப்பிடலை. சுகர் இருக்குமோன்னு நான் சிவகாசிக்குக் கூட்டிப்போயி ரத்தம் சோதிச்சுட்டு வந்தேன், கூறுகெட்டவ.

இன்னொண்ணும் இருக்கு அண்ணே. ஆடியில காளீஸ்வரன்னு ஒரு பையன், ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், சோத்துப் பையில போனை மறந்து வச்சு, கேட்டுச் சோதனையில சிக்காம உள்ள வந்துட்டான். இவுகதான் பிடிச்சாக. ஒரு பேட்டரி போதும்ல நாப்பது பேரைக் கொல்லன்னு எல்லாருக்கும் கேக்கக் கத்தி, அன்னைக்கே வேலையை விட்டு அனுப்பினாக. அப்ப நான் இவுகளை மெச்சிக்கிட்டேன். வேலியே பயிரை மேஞ்சுக்கிட்டு இருந்துருக்கு, நான் காவலுக்குப் பாராட்டு வாசிச்சிருக்கேன்.

பேட்டரி சின்னது, ஒண்ணும் ஆகாதுன்னாக. போன மாசம் நீங்க போன்ல சொன்னது ஸ்பீக்கர்ல எனக்கும் கேட்டுச்சு. உங்க வீட்டுல ஒரு பெட்டிக்குள்ள பேட்டரி உப்பிப்போயி, பெட்டியோட கூரையே பிளந்துக்கிச்சுன்னீக. அன்னைக்கு இவுக மூஞ்சி ஏன் அப்படி வெளிறுச்சுன்னு இப்பத்தான் புரியுது. நாளைக்கு வியாழக்கிழமை வடக்க போற லோடு. லோடுமேன்க கேஸைத் தூக்கி எறிவாக. பரண் ஆடும், பெட்டி முழிச்சுக்கிரும். ரெண்டு நாளா மழுப்பினாக, நேத்து ராத்திரி நான் முடிவாச் சொல்லிட்டேன். இன்னைக்குக் காலையில ஒருத்தரும் வேலைக்கு உக்காரும் முன்னால முதலாளிகிட்ட உங்க வாயால சொல்லணும், இல்லைன்னா நான் வந்து சொல்வேன்னேன். சரின்னாக. ஏழு மணிக்குச் சட்டையை மாட்டிக்கிட்டுப் போனாக.

அடுத்த கால் மணியில வெள்ளைத்தாய் கிளம்பினா. வயிறு வலிக்கு, இன்னைக்கு ஒருநாள் எனக்குத் துணைக்கு இரு தாயின்னு பொய் சொல்லிப் பாத்தேன். சீசன் நேரத்துல லீவா, சோம்புத்தண்ணி வச்சுக் குடி அக்கான்னு சொல்லிட்டு வேன் ஏறிட்டா. உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரலை. சொன்னா இவுக பிழைப்பு போச்சு. சொல்லாம விட்டு அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? நான் வேன் போறதைப் பாத்துக்கிட்டு நின்னேன் அண்ணே. கல்லு மாதிரி நின்னேன்.

மணி ஒன்பதே முக்கால்.

இவுக சொல்லியிருந்தா பொம்பளைகளை வீட்டுக்கு அனுப்பியிருப்பாக. வேன் திரும்பி வந்துருக்கணும். வரலை. உலையில அரிசி போட்டேனா இல்லையான்னு மூணு தடவை மூடியைத் திறந்து பாத்துட்டேன்.

கொஞ்சம் முன்ன டம்முன்னு ஒரு சத்தம். பேனாவைப் போட்டுட்டு வாசலுக்கு ஓடினேன். தெருவுல எல்லாரும் வெளிய வந்துட்டாக. இந்த ஊர்ல சத்தம் கேட்டா எல்லாரும் மேல பாப்போம், எந்தத் திசையில புகைன்னு. புகை இல்லை. குவாரியில வேட்டு வச்சிருக்கான். எல்லாரும் உள்ள போயிட்டாக. நான் மட்டும் வாசல்லயே நின்னு இன்னொரு தடவை மேல பாத்தேன்.

மணி பத்தரை.

வேன் வரலை. போன் உள்ள கொண்டு போகக்கூடாது, கூப்பிட்டுக் கேக்கவும் வழியில்லை. எனக்குத் தெரியும் அண்ணே, இவுக சொல்லலை. வாய்க்குள்ள முழுங்கிட்டாக. மூணு மாசம் முழுங்கினவுகளுக்கு இன்னொரு நாள் முழுங்கத் தெரியாதா? நான் போறேன். முதலாளி முன்னால நின்னு என் புருசனைக் காட்டிக் குடுக்கப்போறேன். பின்னால நான் மாத்திப் பேசக்கூடாதுன்னுதான் இதை எழுதி வச்சுட்டுப் போறேன்.

சாயங்காலம் நாலு மணி.

எல்லாரும் உசுரோட இருக்கோம். அதை மொதல்ல எழுதிருறேன்.

ரெண்டு மைலும் ஓட்டமும் நடையுமாப் போனேன். கம்பெனி வேலிக்கு வெளிய, ரோட்டோரத்துல வாகை மரத்தடியில பொம்பளைக எல்லாரும் உக்காந்திருந்தாக. வெள்ளைத்தாய் என்னையப் பாத்ததும் எந்திரிச்சு வந்து கையைப் பிடிச்சுக்கிட்டா. அவ சொல்லித்தான் தெரியும். இவுக ஏழே முக்காலுக்கே சொல்லிட்டாகளாம். முதலாளிகிட்டத் தனியாக் கூடச் சொல்லலையாம், கேட்டுல எல்லாரையும் நிறுத்தி வச்சு, எல்லார் காதுலயும் விழுகச் சொன்னாகளாம். காளீஸ்வரனை அனுப்பின வாயால சொல்றேன், நானும் அதே தப்பைச் செஞ்சிருக்கேன்னாகளாம். வேன் தயாரா நின்னுருக்கு. இவுக வெளிய வர்ற வரைக்கும் நாங்க போகமாட்டோம்னு இந்தப் பொம்பளைகதான் ஏறலையாம்.

விசயம் வெளிய போனா லைசென்ஸ் போயிரும்னு முதலாளி தீயணைப்புக்காரவுக யாரையும் கூப்பிடலை. வேற யாரும் உள்ள வரவேண்டாம், நான் வச்சதை நானே எடுக்கேன்னு இவுக மட்டும் உள்ள போயிருக்காக. பொறி கிளம்பாம இருக்க ஈரச் சாக்கை விரிச்சு, வெறுங்காலோட, ஒவ்வொரு கேஸா எடுத்து வெளிய கொண்டாந்து வைக்கிறதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தேன். நிறைகுடம் சுமக்கிற மாதிரி நடந்தாக. நான் வந்த பிறகே நூத்துப்பத்து கேஸ் எண்ணினேன். அதுக்கப்புறம் எண்ண முடியலை.

கடைசியில அந்த அட்டைப்பெட்டியை ஏந்திக்கிட்டு வந்தாக. உள்ள ரயில் ஓடிக்கிட்டு இருந்துச்சு அண்ணே. நீங்க பதிஞ்ச அந்தக் காப்பிக்காரன் அந்த வெயில்ல கத்திக்கிட்டே வர்றான். நாப்பது பொம்பளைகளும் கேட்டோம். ஒருத்திக்கும் சிரிப்பு வரலை. தூரமாக் கொண்டுபோயி மணல் குழியில வச்சு, மணலைத் தள்ளி மூடினாக. அப்புறம்தான் சத்தம் நின்னுச்சு. மூணுல ஒண்ணுல பேட்டரி உப்பித்தான் இருந்துச்சாம்.

திரும்பி வேலிப்பக்கம் வந்தப்பத்தான் என்னையப் பாத்தாக. நீ எதுக்கு வந்தேன்னு கேட்டாக. சோறு கொண்டாந்தேன்னு சொல்லிட்டேன். எப்படித்தான் வாயில வந்துச்சோ! என் கை ரெண்டும் வெறுங்கையா இருந்துச்சு அண்ணே. இவுக என் கையைப் பாத்தாக. மூஞ்சியைப் பாத்தாக. அப்படியே திரும்பி முதலாளி ரூமுக்குப் போயிட்டாக.

போர்மேன் வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாக. காளீஸ்வரனைத் திரும்பக் கூப்பிடுங்கன்னு மட்டும் கேட்டாகளாம், பாப்போம்னாராம் முதலாளி. வேலை போனதுக்கு நான் அழுகலை. கூலிக்குப் போயாவது பிழைச்சுக்கிருவோம். சேத்து வச்சு ஏசணும்னு எனக்குள்ள ஒரு வண்டி ஏச்சு இருந்துச்சு, அதுல ஒண்ணு கூட இப்ப வாயில வரலை. பதினேழு வருசம் கூட வாழ்ந்துட்டு, சரின்னு சொன்ன மனுசன் வார்த்தையை மூணு மணி நேரம் என்னால நம்ப முடியலை. அது இவுகளுக்குத் தெரிஞ்சுபோச்சு. பத்தரை மணிக்கு எழுதினதைக் கிழிச்சுருவோமான்னு பாத்தேன். கிழிக்கலை. நீங்களாவது தெரிஞ்சுக்கிருங்க.

அண்ணே, நீங்க பேசினாத்தான் இவுக கேப்பாக. பெட்டியைப் பத்திப் பேசாதீக. ஏசாதீக. இந்தக் கடுதாசி வந்துச்சுன்னும் சொல்லாதீக. சும்மா கூப்பிட்டு எப்படி இருக்கீகன்னு கேளுங்க, பேச்சோட பேச்சா அருணா நல்லவதான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. எனக்காக இல்லை. வீட்டுக்கு வந்ததுல இருந்து சுவத்தைப் பாத்து உக்காந்திருக்காக. மத்தியானம் சோறு போட்டு வச்சேன். இன்னும் கை வைக்கலை.

மதினியும் பிள்ளைகளும் நீங்களும் நூறு வருசம் நல்லா இருக்கணும்.

இப்படிக்கு, உங்க தங்கச்சி,
அருணாதேவி.