பத்து லட்சத்து மூன்று

என்னங்க,

உங்கள் மணிக்கட்டு எலும்பு கூடிவருகிறதாம். "இத்தனை வருஷமா வாயத் தொறக்காதவ, அன்னிக்கு மட்டும் எதுக்கு இஸ்திரிப் பெட்டியத் தூக்கினா?" என்று என் தம்பியிடம் கேட்டீர்களாம். பதிலை நானே எழுதுகிறேன்.

நீங்கள் என்னைச் சாத்திவைத்து அடிக்கும் சமையலறைச் சுவரில் மின்சார மீட்டர் இருக்கிறதே, அதன் எண் 1000003. கத்தினால் அடுத்த அறையில் மகள் பயப்படுவாள் என்று, அதை முணுமுணுத்தபடி வகுக்க ஆரம்பித்தேன். கணக்கு டீச்சர் புத்தி. ஆயிரத்துக்குள் 168 பகா எண்கள் உண்டு. அவற்றில் ஒன்றாலும் வகுபடாவிட்டால் அதுவும் பகா எண்தான். அடிக்கு ஒன்று, அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து என்று வைத்துக்கொண்டேன்.

ஏழில் பல் போனது. தலையைச் சுவரில் மோதிய அன்று மண்டை கலங்கி 91ஐயும் சேர்த்துவிட்டேன். ஏழு பதின்மூன்று தொண்ணூற்றொன்று! வகுப்பில் யாராவது இப்படிச் செய்திருந்தால் முட்டை போட்டிருப்பேன். அந்த ஓர் அடி தண்டம். 613இல் விலா உடைந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மகளின் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பெல்ட்டை உருவினீர்கள். கடைசி எண் 997. மீதி பன்னிரண்டு. அதற்குமேல் வகுக்க எண் இல்லை. கையில் பெட்டி சூடாக இருந்தது.

நீங்கள் தரையில் புரண்டு அலறியபோது மகள் கதவோரம் வந்து நின்றாள்.

"வகுபட்டுச்சாம்மா?"

அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். "இல்லடி" என்றேன்.

"எனக்கும் பன்னெண்டுதாம்மா மீதி வந்துச்சு" என்றாள்.

இப்படிக்கு,
அவள் அம்மா